‘காட்சிக்கலை ஆட்சி’ என்று ஒரு படிப்பு

“புள்ள கூத்துப் படிக்கவா மனே அமெரிக்காவுக்குப் போகுது?” என்று மாமி கேட்டார். பேத்தி விண்ணப்பித்திருப்பது நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் விஷுவல் ஆர்ட்ஸ் அட்மினிஸ்ட்ரேஷன் முதுமாணிப் பட்டத்துக்கு. அவள் கொண்டுவந்த தமிழ்க் குறிப்பில் அது ‘காட்சிக்கலை ஆட்சியியல் முதுகலை’ ஆகியிருந்தது. மாமியில் பிழையில்லை.

விஷுவல் என்பது ‘பார்’ என்னும் பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. அட்மினிஸ்ட்ரேஷனின் உள்ளே ‘மினிஸ்டர்’ இருக்கிறார். லத்தீனில் அவர் அமைச்சரல்ல, பணியாள். வேர்க்கதை இவ்வளவுதான்.

இனி காட்சிக்கலை. இந்தச் சொல்லை எத்தனை மேடையில் கேட்டுவிட்டேன்! காட்சி என்றால் நாடகத்தில் முதலாம் காட்சி, இரண்டாம் காட்சி. ‘மாசறு காட்சி யவர்’ என்று வள்ளுவர் சொன்னால் அது தெளிந்த அறிவு. கண்காட்சி, காட்சிக்கூடம் என்றால் பொருள்களை வைத்துக் காட்டுவது. இந்தப் படிப்பில் தலையாய வேலையே ஓவியக் கண்காட்சி நடத்துவதும், கலைக்கூடத்துக்கு நிதி திரட்டுவதும், சேகரிப்பைப் பேணுவதும்தான். அப்படியிருக்க, ‘காட்சிக்கலை’ என்று எழுதினால் அது ஓவியம் சிற்பத்தைக் குறிக்கிறதா, கண்காட்சி வைக்கும் கலையைக் குறிக்கிறதா? கூத்தும்தான் கண்ணுக்குக் காட்சி. கூத்தாடும் வட்டக்களரியைச் சுற்றி விடிய விடிய இருந்து பார்ப்பவர்களிடம் போய் ‘இது காட்சிக்கலை இல்லை’ என்று சொல்லிப் பாருங்கள்.

நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது: கட்புலம். கண் + புலம், மண் + குடம் மட்குடம் ஆனதுபோல. கடினமான சொல் என்பார்கள். கட்புல, செவிப்புல சாதனங்கள் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தவர்கள்தானே நாம்? மட்டக்களப்பு, கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இந்தக் கலைகளுக்கென்று தனித் துறையே நடக்கிறது. காரைதீவில் பிறந்து, தமிழ்க் கலைச்சொல்லாக்கத்துக்கு உழைத்த மனிதரின் பெயரைத் தாங்கிய இடம். அதற்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அகராதியின் முதல் வரியை அப்படியே எடுத்துப் போடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆட்சியியல் அதைவிட மோசம். காட்சி, ஆட்சி என்று எதுகை விழுந்துவிட்ட சந்தோசத்தில் எழுதியிருப்பார்கள் போலும், தேர்தல் சுவரொட்டி மாதிரி. கலைஞரை யாரும் ஆளப் போவதில்லை. தனித்தமிழ்ப் பற்றுள்ள நண்பர் ஒருவர் நிருவாகம் வடசொல் என்கிறார். இருக்கட்டும். இலங்கை நிருவாக சேவைப் பரீட்சைக்கு ஒருவராவது படிக்காத தெரு இங்கே உண்டா? எல்லாருக்கும் விளங்கும் சொல்லைத் தள்ளிவிட்டு எதைச் சுத்தம் செய்கிறோம்? அவர் பதிலுக்குத் தந்த முகாமைத்துவத்திலும் வால் வடமொழிதான். அது மனேஜ்மென்டுக்கு ஏற்கெனவே புழங்குகிறது, அங்கேயே இருக்கட்டும். அப்புறம் இந்த ‘முதுகலை’: ஏற்கெனவே கலை உள்ள பெயரில் இன்னொரு கலை. நமக்கு முதுமாணி இருக்கிறதே. மாணி என்றால் மாணவன்.

ஆகவே, கட்புலக்கலை நிருவாக முதுமாணி.

தமிழ்ச்சொல்தான் வேண்டும் என்று நண்பர் அடம்பிடித்தபோது நான் ஒன்று சொன்னேன். நமது பகுதிக் கோயில்களில் நிருவாகம் பார்ப்பவரை வண்ணக்கர் என்கிறோம். பழைய பொருள் நாணயத்தின் தரம் பார்ப்பவர். சங்கப் புலவர் பெயர்களிலேயே வண்ணக்கன் வருகிறது. தரம் பார்ப்பது, பொதுச்சொத்தைக் காப்பது, கணக்குக் காட்டுவது. ஓவியக்கூடத்தை நடத்துபவருக்கு வேறென்ன வேலை? போதாக்குறைக்கு வண்ணமும் இருக்கிறது. விளையாட்டுக்குத்தான் சொன்னேன். மாமிக்கு மட்டும் அது உடனே பிடித்துவிட்டது.

“அப்ப புள்ள படங்களுக்கு வண்ணக்கரா வரப் போகுது,” என்று அயலெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.