பரோட்டா மாஸ்டரும் மூன்று தலையணையும்

சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். “நாலு வருஷமா இதுதான் சார். போட்டா நிக்கும், விட்டா வந்துரும்.”

வயது 46, பரோட்டா மாஸ்டர். கடை அடைத்து, 12 மணிக்கு மேல் சாப்பிட்டு, அப்படியே படுப்பவர். நடுராத்திரியில் புளித்த தண்ணீர் தொண்டைக்கு ஏறி, இருமலோடு எழுந்து உட்கார்ந்துவிடுவார். மூன்று தலையணை அடுக்கினால்தான் தூக்கம்.

நெஞ்சு எரிகிறது என்றதால் முதலில் ஈசிஜி. ‘வாயு’ என்று சோடா குடித்துவிட்டு மாரடைப்போடு வந்தவர்கள் உண்டு. இவருக்கு அதில் கோளாறில்லை.

கோளாறு வேறு இடத்தில். அமிலத்தைக் குறைக்கும் அந்த பான்டோபிரசோல் மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டிருந்தார். அதைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். தலையணை அடுக்கினால் வயிறு மடிந்து அழுத்தம்தான் கூடும்; கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அரை அடிக் கட்டை வைத்து, இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னேன். இரவுச் சாப்பாட்டை எட்டரைக்குள் முடியுங்கள் என்றதும் சிரித்தார். “அப்பதான் சார் வியாபாரமே!” சரி, ஆறரைக்கே முழுச் சாப்பாடு, கடை அடைத்தபின் ஒன்றுமில்லை என்று முடிவானது. காரத்தை விட்டுவிட்டதாகப் பெருமையாகச் சொல்வார்கள். எவ்வளவு, எப்போது சாப்பிடுகிறோம் என்பதை யாரும் தொடுவதில்லை.

இரண்டு மாதத்தில் எரிச்சல் அடங்கியது, எதுக்களிப்பு அடங்கவில்லை. மாத்திரை அமிலத்தைக் குறைக்கும், மேலே ஏறுவதைத் தடுக்காது. எண்டோஸ்கோப்பியில், உதரவிதானத்தின் துவாரம் வழியே இரைப்பை 4 செ.மீ. நெஞ்சுக்குள் ஏறியிருந்தது: ஹயாட்டஸ் ஹெர்னியா. உணவுக்குழாயின் அடியில் நீளமான புண்கள். ஏறிய இரைப்பையை இறக்கி, உணவுக்குழாயின் அடியிலுள்ள வால்வை இறுக்க ஆபரேஷன் என்று முடிவானது. அதற்கு முன் மேனோமெட்ரி, அதாவது உணவுக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் சோதனை. உணவுக்குழாய் ஒழுங்காகச் சுருங்கி விரிகிறதா என்று பார்க்காமல் இந்த ஆபரேஷனுக்குப் போகக் கூடாது. அந்த வால்வு சரியாகத் திறக்காத அக்கலேசியா நோயிலும் சாப்பாடு எதுக்களிக்கும். அதைத் தெரியாமல் வால்வை இறுக்கினால் தண்ணீர்கூட இறங்காது.

லேப்ராஸ்கோப்பியில் இரைப்பையைக் கீழே இழுத்து, துவாரத்தைத் தைத்துச் சுருக்கி, இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றிப் போர்த்தித் தைத்தோம். ருடால்ஃப் நிஸ்ஸன் 1956ல் வெளியிட்ட முறையில் இது முழுச் சுற்று, 360 டிகிரி. இவருக்கு 270 டிகிரிதான் போட்டோம். ஏப்பம் விடக் கொஞ்சம் வழி இருக்கும்.

முதல் இரண்டு வாரம் கஞ்சியும் சூப்பும், பிறகு குழைந்த ரசம் சாதம். சோடா கூடவே கூடாது. வீக்கம் வடியும்வரை விழுங்கும்போது நெஞ்சில் நிற்பதுபோல் இருக்கும். சிலருக்குப் பல வருடம் கழித்து மாத்திரை திரும்பவும் தேவைப்படலாம். இதையெல்லாம் முன்னாலேயே சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவேன்.

ஐந்தாவது வாரம் வந்தார். ஏப்பம் குறைந்து காற்றெல்லாம் கீழ்வழியாகப் போகிறது என்று கூச்சத்தோடு சொன்னார். தலையணை எத்தனை என்று கேட்டேன்.

“ஒண்ணுதான் சார். ஒரு பரோட்டாவ சால்னால நல்லா ஊறவெச்சுத் தின்னு பாக்கட்டுமா?”

“இன்னும் ரெண்டு வாரம் போகட்டும்.”