பிழை இல்லை, ஆனால் மெதுவாகிவிட்டது: வெளியீட்டுக்குப் பின் பதில் நேரத்தைக் கவனித்தல்

புதிய பதிப்பை இரவு பதினொரு மணிக்கு வெளியிட்டு, அரை மணி நேரம் அளவீடுகளைக் காட்டும் டேஷ்போர்டைப் பார்த்து, 'பிழை ஏதும் இல்லை' என்று குறித்துவிட்டு உறங்கச் சென்ற இரவுகள் என் பணிக்காலத்தில் பல உண்டு. அவற்றுள் ஓர் இரவின் விளைவு மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் தெரிந்தது. அப்போதும் பிழை எண்ணிக்கை பூஜ்யத்தை ஒட்டியே இருந்தது. சர்வர்களின் சிபியூ பயன்பாட்டிலும் மாற்றமில்லை. ஆனால் உதவி மையத்துக்கு வந்த அழைப்புகள் ஒரே குறையைச் சொல்லின: பழைய ஆர்டர்களைக் காட்டும் பக்கம் திறக்க வெகுநேரம் ஆகிறது.

காரணம் எளியது. முன்பு ஒரே வினவலில் எடுக்கப்பட்ட ஆர்டர் நிலையை, புதிய நிரல் ஒவ்வோர் ஆர்டருக்கும் தனித்தனி வினவலாகத் தரவுத்தளத்திடம் கேட்டது. ஒரு வினவலுக்கு 5 மில்லி வினாடி என்றால், நான்கு ஆர்டர்கள் மட்டுமே இருந்த எங்கள் சோதனைக் கணக்குக்கு 20 மில்லி வினாடிதான் ஆகும். 600 ஆர்டர்கள் வைத்திருந்த நெடுநாள் வாடிக்கையாளருக்கோ அதுவே 3 வினாடி. நிறுவனத்துக்கு மிகவும் வேண்டியவர்கள்தாம் மிக அதிகமாகக் காத்திருந்தார்கள் என்பது இவ்வகைத் தவறில் ஏறக்குறைய எப்போதும் நிகழ்வது; ஏனெனில் தரவு அதிகம் சேர்ந்திருப்பது அவர்களிடம்தான்.

இதை நாங்கள் இரவே காணத் தவறியதற்கு, பயனர் நடமாட்டம் குறைவாக இருந்தது ஒரு காரணம்; சராசரியைப் பார்த்துக்கொண்டிருந்தது அதைவிடப் பெரிய காரணம். நூறு கோரிக்கைகளில் 95 கோரிக்கைகள் 0.1 வினாடியிலும் ஐந்து கோரிக்கைகள் 5 வினாடியிலும் முடிந்தால் சராசரி 0.345 வினாடி. வரைபடத்தில் அது யாரையும் பதறவைக்காது. ஆனால் அந்த 0.345 வினாடியை அனுபவித்தவர் ஒருவர்கூட இல்லை. ஆகவே சதமானங்களைப் பார்க்க வேண்டும்: பாதிக் கோரிக்கைகள் எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தன, நூற்றுக்கு 95 எதற்குள், நூற்றுக்கு 99 எதற்குள் (இதுவே பி99). மீதமுள்ள ஒன்றுதானே என்று பி99-ஐ ஒதுக்குபவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பக்கம் திறக்கப் பின்னணியில் சர்வர்களுக்கு 20 தனித்தனி அழைப்புகள் தேவைப்பட்டு, ஒவ்வோர் அழைப்பும் நூற்றில் ஒரு முறை தாமதமாகும் என்றால், குறைந்தது ஒரு தாமதத்திலாவது மாட்டிக்கொள்ளும் பக்கங்கள் ஏறத்தாழ 18 விழுக்காடு. மேலும், நான்கு சர்வர்களின் பி99 மதிப்புகளைக் கூட்டி நான்கால் வகுத்தால் வருவது ஒட்டுமொத்தப் பி99 ஆகாது. எந்தெந்தக் கால அளவுக்குள் எத்தனை கோரிக்கைகள் முடிந்தன என்ற எண்ணிக்கைகளை எல்லாச் சர்வர்களிலிருந்தும் முதலில் ஒன்றுசேர்த்து, அதன் பிறகே சதமானத்தைக் கணக்கிட வேண்டும். விலை உயர்ந்த கருவிகளை வைத்துக்கொண்டும் இந்தத் தவறைச் செய்யும் டேஷ்போர்டுகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்த கேள்வி, எதனோடு ஒப்பிடுவது என்பது. வெளியீட்டுக்கு முந்தைய ஒரு மணி நேரத்தோடு ஒப்பிடுவது வழக்கம். அது பெரும்பாலும் பயனற்றது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியை, போன வாரச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியோடுதான் ஒப்பிட வேண்டும். அதுவும் பயன்பாடு முழுமைக்குமாக அல்லாமல், உள்நுழைவு, தேடல், பணம் செலுத்துதல் எனச் செயல்வாரியாக. புதிய பதிப்பைச் சில சர்வர்களில் மட்டும் முதலில் இயக்கிப் பார்க்கும் கேனரி முறையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. புதிதாகத் தொடங்கிய செயலியின் கேச், அதாவது அடிக்கடி வேண்டிய தரவை வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம், காலியாக இருக்கும். ஜாவா போன்ற நிரல் மொழிகளில் நிரல் இயந்திர மொழிக்கு மாறி முழு வேகத்தை எட்டவும் சற்று நேரம் பிடிக்கும். எனவே பல நாள் ஓடிக்கொண்டிருக்கும் பழைய சர்வரோடு அதை ஒப்பிடாமல், பழைய பதிப்பையே அதே நேரத்தில் ஒரு சர்வரில் மறுதொடக்கம் செய்து அதனோடு ஒப்பிடுவதே நியாயம்.

பதில் நேரம் திடீரெனக் குறைந்தாலும் ஐயப்பட வேண்டும். தரவுத்தளத்தைத் தொடும் முன்பே தோற்றுப்போகும் கோரிக்கை சில மில்லி வினாடிகளில் திரும்பிவிடும். அது வரைபடத்தைக் கீழே இழுத்து, வெளியீடு வேகத்தைக் கூட்டியதுபோல் காட்டும். வெற்றி பெற்றவற்றின் நேரத்தையும் தோற்றவற்றின் நேரத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

சிறிய தாமதம் பெரிய முடக்கமாவது எப்படி என்பதை, ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி தெளிவாகக் காட்டுகிறது: அமைப்புக்குள் ஒரே நேரத்தில் இருக்கும் கோரிக்கைகளின் சராசரி எண்ணிக்கை, வினாடிக்கு வரும் கோரிக்கைகளை ஒவ்வொன்றும் எடுக்கும் நேரத்தால் பெருக்கினால் வரும். வினாடிக்கு 200 கோரிக்கைகள், ஒவ்வொன்றும் 0.15 வினாடி என்றால் உள்ளே இருப்பவை 30. அதுவே 0.3 வினாடி ஆனால் 60. கோரிக்கை ஒவ்வொன்றும் ஓர் இணைப்பைப் பிடித்துக்கொள்ள, தரவுத்தள இணைப்புகளின் வரம்பு 50 என்று வைத்திருந்தால், எஞ்சியவை வரிசையில் நிற்கத் தொடங்கும். வரிசை நீள நீளக் காலக்கெடு முடிந்து, மறுமுயற்சிகளும் வந்து சேரும். இரவில் வினாடிக்கு 20 கோரிக்கைகள் மட்டும் வந்தபோது இந்த எல்லையின் அருகில்கூட அமைப்பு சென்றிருக்காது.

சர்வர் பக்கத்து அளவீடு மட்டும் போதாது. உலாவியில் இறங்கும் ஸ்கிரிப்ட் பெருத்துவிட்டால் சர்வருக்கு அது தெரியவே தெரியாது. கூகுள் 2024 மார்ச் முதல் முக்கிய அளவீடாகக் கொண்டிருக்கும் ஐஎன்பி, பயனர் ஒன்றை அழுத்தியதற்குத் திரை எவ்வளவு விரைவில் எதிர்வினை காட்டுகிறது என்பதை அளக்கிறது; 75-ஆவது சதமானத்தில் 200 மில்லி வினாடிக்குள் இருந்தால் நன்று என்பது அதன் வரையறை.

அந்த நிகழ்வுக்குப் பிறகு எங்கள் குழு இரண்டு மாற்றங்களைச் செய்தது. எந்தச் செயலின் பி99 எவ்வளவு உயர்ந்தால் பழைய பதிப்புக்குத் திரும்புவது என்பதை வெளியீட்டுக்கு முன்பே எழுதிவைக்கிறோம். ஏனெனில் நள்ளிரவில், பல வார உழைப்பு கண்முன் நிற்கையில், 'இன்னும் பத்து நிமிடம் பார்ப்போம்' என்றே எல்லோருக்கும் சொல்லத் தோன்றும். வெளியீட்டு டிக்கெட்டை, அதாவது அந்தப் பணிக்கான பதிவை, அன்றிரவே மூடுவதும் இல்லை. அடுத்த பரபரப்பான காலை நேரம் கடந்த பிறகே அது மூடப்படும். மாதக் கணக்கு முடிக்கும் பகுதியைத் தொட்ட வெளியீடாக இருந்தால், மாதக் கடைசி வரை திறந்தே இருக்கும்.