கேஷுவால்டி என்றால் சாவு அல்ல

"இவோ ஜீமாவில் ஜப்பானியரைவிட அமெரிக்கர்களே அதிகம் பலியானார்கள்." பசிபிக் போரைப் பற்றித் தமிழில் எழுதுகிற பலரும் இந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எழுதிவிட்டார்கள். இது தவறு. கேஷுவால்டி (casualty) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'பலி' என்று போட்டதால் வந்த தவறு.

ஜப்பானின் சிறு தீவான இவோ ஜீமாவில் 1945 பிப்ரவரி 19 முதல் மார்ச் 26 வரை நடந்த அந்தச் சண்டையில் அமெரிக்கத் தரப்பின் கேஷுவால்டி ஏறத்தாழ 26,000. அதில் இறந்தவர்கள் சுமார் 6,800 பேர். மீதிப் பேர் காயமுற்றவர்கள். ஜப்பானியத் தரப்பில் இருந்தது ஏறத்தாழ 21,000 பேர். அவர்களில் ஏறத்தாழ 18,000 பேர் மாண்டார்கள். சண்டை நடந்த நாட்களில் உயிரோடு பிடிபட்டவர்கள் 216 பேர்தான். அமெரிக்கத் தொகை பெரிதானது காயமுற்றோரால். சாவை மட்டும் எண்ணினால் ஜப்பானியத் தரப்புக்கு இரண்டரை மடங்குக்கும் மேல்.

சொல்லின் வேர் லத்தீன். விழுதல், தற்செயல் நிகழ்வு என்று பொருள்படும் காசுஸ். படைத்துறையில் அது படைக்கணக்கிலிருந்து விலகிய ஆளைக் குறிக்கும்: கொல்லப்பட்டவர், காயமுற்றவர், காணாமற்போனவர், சிறைப்பட்டவர். நம் ஊர் மருத்துவமனையின் கேஷுவால்டிக்கு உயிரோடுதானே ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம்?

'களப்பலி' என்று எழுதுவோர் சிலர் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். களப்பலி என்றால் வெற்றிக்காகக் களத்தில் கொடுக்கும் காணிக்கை, அரவான் கொடுத்தது போல. எறிகுண்டில் காலிழந்து மருத்துவக் கப்பலில் ஏறியவர் எப்படிக் களப்பலி ஆவார்? 'உயிர்ச்சேதம்' இதே குற்றத்தை வெளிப்படையாகவே செய்கிறது. 'பாதிக்கப்பட்டோர்' மறுகோடி: வெள்ளத்தில் வீடிழந்தவரையும் அது உள்ளே இழுத்துவிடும். 'சேதாரம்' நகைக்கடையோடு நிற்கட்டும். பழந்தமிழ் இதில் நம்மைவிடக் கறாராக இருந்தது. நடுகற்கள் மாண்டவனைப் 'பட்டான்' என்கின்றன. குறள் மார்பில் ஏற்ற காயத்தை 'விழுப்புண்' என்கிறது. புண்பட்டவனையும் செத்தவனாக எழுதும் வழக்கம் செய்தி மொழிபெயர்ப்பாளர்களால் வந்தது. மூலத்தில் அடுத்த வரியிலேயே காயமுற்றோர் எண்ணிக்கை தனியாக இருக்கும், அதைப் படிப்பதில்லை.

சரியான சொல் 'ஆளிழப்பு'. படை ஓர் ஆளை இழந்தது என்பதுதான் அதன் பொருள். அவர் செத்தாரா, பிழைத்தாரா என்று அது சொல்வதில்லை. 'இழப்பு' என்று மட்டும் எழுதினால் சாவு என்றே படிப்பார்கள், ஆகவே 'ஆள்' கட்டாயம் வேண்டும். முதல் முறை எழுதும்போது "ஆளிழப்பு 26,000; இதில் இறந்தோர் 6,800" என்று பிரித்துக் காட்டுங்கள்.

இரு தரப்பை ஒப்பிடும்போது இறந்தோரை இறந்தோரோடு மட்டும் வையுங்கள். நோயாளிகள் இந்தக் கணக்கில் இருக்கிறார்களா என்றும் பாருங்கள். இன்னொரு பசிபிக் தீவான குவாடல்கனாலில் மாண்ட ஜப்பானியரில் பல்லாயிரம் பேரைக் கொன்றது பட்டினியும் மலேரியாவும். ஜப்பானியரே அந்தத் தீவைப் 'பட்டினித் தீவு' என்றார்கள். பட்டினியாலும் நோயாலும் இறந்தவர்களைச் சண்டையில் மாண்டோர் கணக்கில் சேர்த்தால் அமெரிக்கத் துப்பாக்கி செய்யாததையும் அதன் பெயரில் எழுதியதாகும்.