விசுவாசம்: ஒரு சொல், இரு பொருள்

மனிதனுக்கு இரட்சிப்பு விசுவாசத்தினாலா, நற்கிரியைகளினாலா? கிறிஸ்தவத்தில் இந்த வழக்கு இன்னும் ஓயவில்லை. அதில் பாதிச் சிக்கல் விசுவாசம் என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

விசுவாசம் வடசொல். மூச்சுவிடுதலைக் குறிக்கும் 'ச்வஸ்' என்ற வேரிலிருந்து பிறந்தது. ஆசுவாசம் என்ற சொல்லும் அதே வேரில் கிளைத்ததுதான். ஒருவரை நம்பி, அச்சமின்றி மூச்சுவிட்டு இருத்தல் என்பது அடிப்பொருள். தமிழுக்கு வந்தபின் அது இரண்டாகப் பிரிந்தது. ஆலயத்துக்குள் விசுவாசம் என்றால் கடவுளை நம்புவது. வெளியே, உப்பிட்டவருக்கு உண்மையாய் நடப்பது. 'முதலாளி விசுவாசம்' என்று சொல்லும்போது, முதலாளி என்று ஒருவர் இருக்கிறார் என நம்புவதையா சொல்கிறோம்?

புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான 'பிஸ்டிஸ்' இந்த இரண்டு பொருளையும் தாங்குகிறது. ரோமர் 3:3-இல் அதே சொல் கடவுளைப் பற்றி வருகிறது. கடவுள் யாரை விசுவாசிப்பார்? அதனால்தான் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அங்கே 'தேவனுடைய உண்மை' என்கிறது. எபிரேயத்தின் 'எமுனா' இன்னும் உடலோடு ஒட்டிய சொல். யாத்திராகமம் 17-இல் அமலேக்கியரோடு போர் நடக்கிறது. மோசே கையை உயர்த்தியிருக்கும்வரை இஸ்ரவேலர் வெல்கிறார்கள், தாழ்த்தினால் தோற்கிறார்கள். கை சோர்ந்துபோகவே, ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்காரவைத்து, ஆரோனும் ஊர் என்பவரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடிக்கிறார்கள். பொழுது சாயும்வரை அவர் கைகள் அசையாமல் நின்றன என்பதைச் சொல்லும் இடத்தில் எபிரேய மூலத்தில் இருப்பது எமுனாதான். 'ஆமென்' பிறந்த வேரும் இதுவே.

இனி வழக்கு. நியாயப்பிரமாணத்தின், அதாவது மோசேயின் சட்டத்தின், கிரியைகள் இல்லாமல் விசுவாசத்தினாலே மனிதன் நீதிமானாக்கப்படுகிறான், அதாவது கடவுள் முன் நீதியுள்ளவனாக ஏற்கப்படுகிறான், என்கிறார் அப்போஸ்தலர் பவுல் (ரோமர் 3:28). புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர் 1522-இல் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டில் இந்த வசனத்தில் 'மட்டும்' என்ற சொல்லைச் சேர்த்தார். அது கிரேக்க மூலத்தில் இல்லை. 'விசுவாசத்தினால் மட்டும்' என்ற தொடர் புதிய ஏற்பாட்டில் வருவது ஒரே இடத்தில், யாக்கோபு 2:24-இல். அங்கேயும் 'மட்டும் அல்ல' என்று மறுப்பாகவே வருகிறது. அதே பதிப்பின் முன்னுரையில் லூதர் யாக்கோபின் நிருபத்தை (கடிதத்தை) வைக்கோல் என்றார்.

உண்மையில் பவுலும் யாக்கோபும் ஒரே பொருளில் பேசவில்லை. கடவுள் ஒருவரே என்று பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று யாக்கோபு எழுதும்போது, வெறும் ஒப்புக்கொள்ளலையே விசுவாசம் என்கிறார். உடையும் உணவும் இல்லாதவரிடம் 'சமாதானமாய்ப் போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்' என்று சொல்லிவிட்டு ஒன்றும் கொடுக்காமல் அனுப்புகிறவரின் விசுவாசம் அது. பவுல் பேசும் விசுவாசம் ஆளையே ஒப்படைப்பது. கிரியை என்ற சொல்லும் இப்படித்தான். பவுலுக்கு அது முதன்மையாக விருத்தசேதனம் (சுன்னத்து) போன்ற சட்டக் கடமைகள். யாக்கோபுக்கு ஏழைக்குக் கொடுக்கும் உடை. தமிழில் கிரியை என்பது சடங்கையும் குறிப்பதால் பவுலின் இடங்களுக்கு ஓரளவு பொருந்துகிறது. யாக்கோபின் இடங்களில் 'செயல்' என்றே எழுதலாம்.

1547-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 'விசுவாசம் மட்டும்' என்ற கொள்கையைக் கண்டித்தது. கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூத்தரன் கூட்டமைப்பும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட 1999 அக்டோபர் 31 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அருளினாலேயே கடவுள் ஏற்றுக்கொள்கிறார், அந்த அருளே நற்செயலுக்கும் நம்மை அழைக்கிறது என்பது அதன் சாரம். எபேசியர் 2:8–10 இதை மூன்றே வசனங்களில் சொல்லியிருந்தது.

இரட்சிப்புக்குத் தமிழில் மீட்பு என்பார்கள். நல்ல சொல்தான், ஆனால் விலைகொடுத்து விடுவிப்பதைக் குறிக்கும் வேறொரு கிரேக்கச் சொல்லுக்கும் மீட்பு என்றே எழுதவேண்டி வருகிறது.

விசுவாசத்துக்கு நேர்ச்சொல் நம்பிக்கை. 1995-இல் வந்த திருவிவிலியம் என்ற தமிழ் மொழிபெயர்ப்பு இதையே எடுத்துக்கொண்டது. பழைய மொழிபெயர்ப்பின் 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு' (1 கொரிந்தியர் 13:13) அதில் 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு' ஆயிற்று. இரண்டையும் மாற்றி மாற்றிப் படிப்பவர் கொஞ்சம் தடுமாறத்தான் செய்வார். ஆனால் நம்பிக்கை வெறும் மாற்றுச்சொல் அல்ல. தொல்காப்பிய உரியியல் 'நம்பும் மேவும் நசையா கும்மே' என்கிறது. நம்பு என்ற உரிச்சொல்லுக்கு அங்கே விருப்பம் என்று பொருள். அந்தப் பழம்பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு 'அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசம்' (கலாத்தியர் 5:6) என்பதைப் படித்தால் சொல் நன்றாகவே உட்காருகிறது.

விசுவாசி என்ற ஆட்பெயருக்கு நம்பிக்கையாளர் என்று எழுதுகிறார்கள். அது நம்புகிறவரைக் காட்டும், நம்பத்தக்கவரைக் காட்டாது. கிரேக்கத்தின் 'பிஸ்டோஸ்' இருவரையும் ஒருசேரக் காட்டும்: அப்போஸ்தலர் 16-இல் தீமோத்தேயுவின் விசுவாசமுள்ள தாய்க்கும், இயேசுவின் தாலந்து உவமையில் எஜமான் புகழும் உண்மையுள்ள ஊழியக்காரனுக்கும் அடைமொழி அதுதான்.