விற்றதும் ஐந்து, வாடகைக்கு எடுத்ததும் ஐந்து

2007-ல் ஏர் இந்தியாவுக்கு போயிங் 777-200எல்ஆர் விமானங்கள் வர ஆரம்பித்தன. மொத்தம் எட்டு. மும்பையில் ஏறினால் நடுவில் எங்கும் இறங்காமல் நியூயார்க்கில் போய் இறங்கலாம் என்பதுதான் அவற்றின் பெருமை. சில வருடங்களில் கட்டுப்படியாகவில்லை என்று அவற்றில் ஐந்தை அபுதாபியின் எதிஹாட் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். 2022 செப்டம்பரில், டாடா கைக்கு வந்துவிட்ட அதே ஏர் இந்தியா, அதே 777-200எல்ஆர் ரகத்தில் ஐந்தை வாடகைக்கு எடுப்பதாக அறிவித்தது. வந்தவை அமெரிக்காவின் டெல்டா ஓட்டிவிட்டு ஒதுக்கியவை. டெல்டா 2020-ல் தன் 777-களை நிறுத்தியபோது, ஏர்பஸின் ஏ350-900 இருக்கைக்கு 21 சதவீதம் குறைவாக எரிபொருள் எடுக்கிறது என்று காரணம் சொல்லியிருந்தது.

விற்றவர்கள் முட்டாள்களா, திரும்ப எடுத்தவர்களா? விற்ற விலை சரியா என்பது தனி வழக்கு, அதற்குள் போகவில்லை. ஆனால் ஒரே விமானம் ஒரு வருடம் பாரமாகவும் இன்னொரு வருடம் வரமாகவும் இருப்பது எங்கள் தொழிலில் சாதாரணம். விமானங்களைக் குத்தகைக்கு விடும் தரப்பில், தொழில்நுட்பப் பக்கம் வேலை பார்க்கிறேன். ஊருக்குப் போனால், 'போயிங் 787 நல்லதா, ஏர்பஸ் ஏ350 நல்லதா?' என்று யாராவது கேட்பார்கள். 'எந்த ரூட்டுக்கு, எந்த வருஷத்துக்கு?' என்று நான் திருப்பிக் கேட்டால், பதில் தெரியாமல் மழுப்புகிறான் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

முதலில் ரூட்டையே எடுத்துக்கொள்வோம். தூரத்துக்குப் பறக்க எரிபொருள் வேண்டும், அந்த எரிபொருளைச் சுமப்பதற்கும் எரிபொருள் வேண்டும். கூடுதலாக ஏற்றும் எடையில் மணிக்கு ஏறக்குறைய 3 சதவீதம் அதைச் சுமப்பதற்கே எரிந்துபோகும் என்று ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறோம். பதினைந்து மணிநேரப் பயணத்தில் கிட்டத்தட்ட பாதி! அதனால்தான் மிக நீண்ட ரூட்டில் ஆட்களைக் குறைக்கிறார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சாதாரண நெடுந்தூர ஏ350-900-ல் 253 இருக்கைகள். நியூயார்க் பக்கம் நிற்காமல் பறக்கும் ஏ350-900யூஎல்ஆர்-ல் 161தான், அதில் எகானமியே கிடையாது. அவ்வளவு பேருக்கு அந்த விலையில் டிக்கெட் விற்க முடியும் என்ற நம்பிக்கை இருந்தால் மட்டும் இந்த விமானத்தைத் தொடலாம்.

இதில் வானவெளி அரசியலும் சேரும். 2022-க்குப் பிறகு அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களுக்கு ரஷ்ய வானம் மூடப்பட்டது, ஏர் இந்தியாவுக்குத் திறந்தே இருந்தது. அந்த நேரத்தில் கைக்குக் கிடைத்த பழைய 777-200எல்ஆர்-கள் லாபமாகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வானத்தை இந்திய விமானங்களுக்கு மூடியதும் கணக்கு மறுபடி புரண்டது. டெல்லியிலிருந்து அமெரிக்கா போகும் சில விமானங்கள் வியன்னாவில் இறங்கி எரிபொருள் போட வேண்டியிருந்தது. இருபது வருடத்துக்கு வாங்குகிற பொருள் இது. எந்த நாட்டின் வானம் எப்போது மூடும் என்று எந்த எக்செல் தாளும் சொல்லாது.

எடை, அகலம் இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 787-9 அதிகபட்சம் 254 டன்னுடன் கிளம்பலாம், ஏ350-900 தொடக்கத்தில் 268 டன், பிறகு 280. பல விமான நிலையங்களில் தரையிறங்கும் கட்டணம் இந்த எண்ணை வைத்துத்தான். ஆகவே சின்ன ரூட்டில் ஏ350-ஐ ஓட்டினால் தேவையில்லாத எடைக்கும் காசு கட்ட வேண்டும். (இதற்காகவே காகிதத்தில் எடையைக் குறைத்துச் சான்று வாங்குவதும் உண்டு.) இறக்கை 65 மீட்டருக்குள் இருந்தால்தான் வழக்கமான வைட்பாடி (உள்ளே இரண்டு நடைவழி உள்ள அகலமான விமானம்) நிறுத்துமிடத்தில் நுழையும். 777-9-க்கு விரித்த இறக்கை 71.75 மீட்டர், அதனால் தரையில் நுனியை மடக்கி 64.85-க்குக் கொண்டுவருகிறார்கள். ஏ380 மடங்காது. அதற்குத் தனி இடம் கட்டிய விமான நிலையங்கள் பல இன்று அந்த இடத்தை என்ன செய்வதென்று யோசிக்கின்றன.

அப்புறம் எஞ்சின். உண்மையான சண்டை நடப்பது இங்கேதான்.

787 வாங்கினால் ஜிஇ-யின் ஜிஎன்எக்ஸ், ரோல்ஸ்-ராய்ஸின் ட்ரென்ட் 1000 என இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஏ350, ஏ330நியோ என்றால் ரோல்ஸ்-ராய்ஸ் மட்டும். 777எக்ஸ் (மேலே சொன்ன 777-9 இந்த வரிசைதான்) என்றால் ஜிஇ மட்டும். எஞ்சினை விற்பதில் பெரிய லாபம் இல்லாவிட்டாலும், அதை இருபது வருடம் பராமரிப்பதில் பணம் இருக்கிறது. எஞ்சின் ஓடுகிற ஒவ்வொரு மணிநேரத்துக்கும் இவ்வளவு டாலர் என்று ஒப்பந்தம் போடுவார்கள். இந்த முறைக்கு வயது அறுபதுக்கு மேல்: 1962-ல் பிரிஸ்டல் சிட்லி நிறுவனம் தன் வைப்பர் எஞ்சினுக்காகத் தொடங்கியது. இன்று வைட்பாடி வாங்கும் நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் அதிக இரவுகளைச் செலவழிப்பது அந்த ஒப்பந்தத்தில்தான்.

ஏர் நியூசிலாந்து 787-9-க்கு ட்ரென்ட் 1000 எடுத்திருந்தது. 2017 டிசம்பரில், ஆக்லாந்திலிருந்து கிளம்பிய அதன் இரண்டு 787-கள் அடுத்தடுத்த நாட்களில் எஞ்சின் கோளாறால் திரும்பி வந்தன. சுழலும் பிளேடுகள் எதிர்பார்த்ததைவிட சீக்கிரம் தேய்ந்து உடைவது உலகம் முழுக்கத் தெரியவந்திருந்த நேரம் அது. 2018-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு, அந்த வகை ட்ரென்ட் 1000 பொருத்திய 787, ஒரு எஞ்சினில் பறந்து சேரக்கூடிய விமான நிலையத்திலிருந்து 330 நிமிட தூரம் வரை விலகிப் போகலாம் என்பதை 140 நிமிடமாக வெட்டியது. ஐரோப்பாவுக்குள் பறப்பவருக்கு இது ஒரு செய்தி. ஆக்லாந்துக்காரருக்கோ சுற்றிலும் பசிபிக் கடல்! 2019-ல் அதே நிறுவனம் எட்டு 787-10 வாங்கியபோது ஜிஇ எஞ்சினைத் தேர்ந்தெடுத்தது. ஒரே ரக விமானத்துக்கு இரண்டு வகை எஞ்சின் வைத்துப் பராமரிப்பது செலவு என்று தெரிந்தும்.

பெயர் வேண்டாம், எங்களிடம் விமானம் எடுத்த ஒரு சின்ன நிறுவனத்தின் கதையும் உண்டு. எஞ்சின் பட்டறைக்குப் போனால் மாற்று எஞ்சின் தர வேண்டும் என்ற பிரிவை, மணிக்கட்டணத்தில் கிடைத்த தள்ளுபடிக்காக விட்டுக்கொடுத்தார்கள். இரண்டாவது வருடமே ஒரு எஞ்சின் கழன்றது. அது இருந்த இடத்தில் சமநிலைக்காக எடைக்கட்டியைத் தொங்கவிட்டு, நாலு மாதம் விமானம் நின்றது. குத்தகையில் 'பறந்தாலும் பறக்காவிட்டாலும் வாடகை' என்றுதான் இருக்கும். மாதாமாதம் கட்டினார்கள். வாங்கிக்கொண்ட பக்கம் நான் இருந்தேன், அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான்.

எமிரேட்ஸ் மாதிரி பெரிய வாடிக்கையாளர் அப்படி விட்டுக்கொடுப்பதில்லை. 2023 துபாய் ஏர்ஷோவில் ஏ350-1000 வாங்குவார்கள் என்று எல்லோரும் காத்திருந்தபோது, அதன் தலைவர் டிம் கிளார்க், அந்த எஞ்சின் துபாயின் சூட்டிலும் மணலிலும் எத்தனை பயணம் தாங்கும் என்ற கேள்வியை எழுப்பி, ஏ350-900-ஐ மட்டும் 15 எடுத்தார். எஞ்சினில் குறைபாடு என்ற பேச்சை ரோல்ஸ்-ராய்ஸ் மறுத்தது. விமானம் பிடிக்கவில்லை என்று யாருமே சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சரி, விலை. ஏர் இந்தியாவின் 2023 ஆர்டர், 470 விமானம், 70 பில்லியன் டாலர் என்று தலைப்புச் செய்தி வந்தது. அது லிஸ்ட் விலை. ஏ350-900-க்கு ஏர்பஸ் கடைசியாக வெளியிட்ட லிஸ்ட் விலை 317.4 மில்லியன் டாலர், 2018-ல்; அதன்பிறகு வெளியிடுவதையே விட்டுவிட்டது. பெரிய ஆர்டருக்குப் பாதி தள்ளுபடி என்பது தொழிலில் யாரையும் புருவம் உயர்த்த வைக்காது. ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடிக்கு முந்தைய விலை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விலையைவிட முக்கியம், எப்போது கையில் தருவார்கள் என்பது. ஏர் இந்தியாவின் முதல் ஏ350-கள் ரஷ்யாவின் ஏரோஃப்ளோட்டுக்காகக் கட்டப்பட்டவை. தடைகளால் அங்கே போக முடியாமல் நின்றவை, 2023 டிசம்பரில் டெல்லிக்கு வந்து சேர்ந்தன. மேலே சொன்ன 2023 ஆர்டரில் பத்து 777-9-உம் இருந்தன. அந்த ரகத்தை 2020-ல் தருவதாக போயிங் முதலில் சொல்லியிருந்தது. 2025 அக்டோபரில் சொன்ன கணக்கு 2027. அந்த மாதிரி இடைவெளியைத்தான் பிறர் ஓட்டிக் கழித்த விமானங்களை வைத்து ஒப்பேற்றுகிறார்கள்.

ஏற்கெனவே கையில் இருப்பது எது என்பதும் தீர்ப்பை மாற்றும். 777 ஓட்டும் விமானியை ஐந்து நாள் பயிற்சியில் 787-க்கு மாற்றலாம். ஏ330-லிருந்து ஏ350-க்கும் அதேபோல் சில நாட்கள்தான். போயிங்கிலிருந்து ஏர்பஸுக்கோ, அங்கிருந்து இங்கோ கட்சி மாற நினைத்தால் சிமுலேட்டர், உதிரிப்பாகம், மெக்கானிக் உரிமம் எல்லாம் புதிதாக வேண்டும். 2018-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 47 ட்ரீம்லைனர் (787-இன் இன்னொரு பெயர்) வாங்கி, 22 ஏ350-ஐ ரத்து செய்தபோது, ரகங்களைக் குறைப்பதையே காரணமாகச் சொன்னது.

கணக்கே பார்க்காமல் நடந்த தேர்வுகளும் உண்டு, அதை மறைத்துப் பயனில்லை. 2020 ஜனவரி 31 அன்று லஞ்ச வழக்குகளை முடிக்க ஏர்பஸ் பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்காவுக்கு 3.6 பில்லியன் யூரோ கட்ட ஒப்புக்கொண்டது. வழக்கின் பிரிட்டன் பகுதியில் பேசப்பட்ட ஐந்து நாடுகளில் இலங்கையும் ஒன்று. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 2013-ல் ஆறு ஏ330-உம் நான்கு ஏ350-உம் ஆர்டர் செய்திருந்தது. அந்த ஏ350-களில் ஒன்றுகூடக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வரவில்லை.

பயணி என்ற முறையில் உங்களுக்கு இதில் படுவது ஒன்றே ஒன்று, அதையும் விமானம் கட்டுபவர் தீர்மானிப்பதில்லை. 787-ஐ வடிவமைத்தபோது எகானமியில் வரிசைக்கு எட்டு இருக்கை என்று பேசினார்கள். வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஒன்பது போட்டார்கள், ஆளுக்கு 17 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் சர்வதேச 787-களில் எட்டையே வைத்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே விமானம். டிக்கெட் போடும்போது இருக்கை வரைபடத்தைத் திறந்து ஒரு வரிசையை எண்ணிப் பாருங்கள்.