வால்வு சேர்க்கும் மேல் ஸட்ஜம்

மதுரையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வால்வு வைத்த ஒரு டாக் (டிஜிட்டல் பாட்டை மின் அலையாக மாற்றும் பெட்டி) வாங்கினேன். உள்ளே இருக்கும் சீன வால்வைக் கழற்றிவிட்டுப் பழைய ஐரோப்பிய வால்வைப் போட்டால் சத்தமே மாறிவிடும் என்கிறார் நண்பர். அந்த வால்வின் விலை டாக்கின் விலையில் பாதி. போடலாமா?"

இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான் என் பதில். காரணம் சொல்ல வேண்டுமானால் வால்வு என்கிற அந்தக் கண்ணாடிக் குப்பிக்குள் கொஞ்சம் போய் வர வேண்டும்.

டாக் செய்வது எல்லோருக்கும் தெரிந்த வேலை. சிடியில் ஒரு நொடிக்கு 44,100 எண்கள், ஒவ்வொன்றும் 65,536 படிகளில் ஒன்று. அந்த எண்களை மின்சாரமாக்கித் தருவது ஒரு சில்லு. பெயர் பெற்ற பழைய ஃபிலிப்ஸ் டிடிஏ1541ஏ சில்லு தருவதே மொத்தம் 4 மில்லி ஆம்பியர்தான். ஆம்ப்ளிஃபையருக்கோ 2 வோல்ட் வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு வெளியீட்டுக் கட்டம் இருக்கும். பெரும்பாலும் அது ஓபாம்ப் என்னும் பெருக்கிச் சில்லு. வாசகருடைய பெட்டியில் அந்த இடத்தில், அல்லது ஓபாம்புக்கு அடுத்தபடியாக, வால்வு நிற்கிறது. சரி, சில்லை விட்டுவிடுவோம்.

வால்வின் நடுவில் கேத்தோடு. அதன்மேல் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடு பூச்சு. அதை 700, 800 டிகிரிக்குச் சூடாக்கினால் எலெக்ட்ரான்கள் வெளியே குதிக்கும். சுற்றி ஒரு உலோக உருளை, அதுதான் ப்ளேட். அதற்கு நேர் மின்னழுத்தம் கொடுத்தால் எலெக்ட்ரான்கள் அங்கே ஓடும். பாடப் புத்தகம் இதோடு நிறுத்திக்கொள்கிறது. எனக்குப் பிடித்த விஷயம் இதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

வெளியே வந்த எலெக்ட்ரான்கள் எல்லாம் உடனே ஓடிவிடுவதில்லை. கேத்தோடின் வாசலிலேயே மேகம்போல் குவிந்து நிற்கின்றன. கல்யாண வீட்டில் பந்திக்கு முந்துகிறவர்கள் வாசலை அடைத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் வருகிறவர் உள்ளே போக முடியாது. இங்கும் அதேதான். முன்னால் நிற்கும் எதிர் மின்னூட்டம் பின்னால் வருவதைத் தள்ளுகிறது. ஆகவே எவ்வளவு மின்னோட்டம் என்பதைத் தீர்மானிப்பது கேத்தோடு அல்ல, வாசல் கூட்டம்.

ப்ளேட்டின் இழுப்பை இரண்டு மடங்காக்கினால் மின்னோட்டமும் இரண்டு மடங்காக வேண்டும் என்றுதானே தோன்றும்? ஆகாது. 2.8 மடங்காகும். ஏனென்று பாருங்கள். கேத்தோடும் ப்ளேட்டும், மின்னூட்டத்தைத் தேக்கும் ஒரு கண்டென்சரின் இரண்டு தகடுகள் மாதிரி. இடைவெளியில் நிற்கக்கூடிய மின்னூட்டம் வோல்ட்டேஜுக்கு நேர் விகிதம். ஆனால் அந்த எலெக்ட்ரான்களின் வேகமும் கூடுகிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடி என்பதால், வேகம் வோல்ட்டேஜின் வர்க்கமூலமாகக் கூடும். மின்னோட்டம் என்பது எத்தனை பேர், எவ்வளவு வேகமாக என்ற இரண்டின் பெருக்கல். வோல்ட்டேஜையும் அதன் வர்க்கமூலத்தையும் பெருக்கினால் ஒன்றரை அடுக்கு. 1911இல் சைல்டும் 1913இல் லாங்முயிரும் கண்டு சொன்ன விதி, பிளஸ் டூ இயற்பியலை வைத்தே நாலு வரியில் வந்துவிடுகிறது. எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

கேத்தோடுக்குப் பக்கத்தில் ஒரு கம்பிச் சுருள் உண்டு. அதுதான் கிரிட். வாசலுக்கு அருகில் நிற்பதால் அதன் பேச்சு அதிகம் எடுபடும். இசிசி88 வால்வில் கிரிட்டின் 1 வோல்ட், ப்ளேட்டின் 33 வோல்ட்டுக்குச் சமம். பாட்டை இந்தக் கிரிட்டில்தான் கொடுக்கிறோம்.

இனி கணக்கு. பாட்டு அலை, இழுப்பை 10 சதவீதம் ஏற்றி 10 சதவீதம் இறக்குகிறது என்று வையுங்கள். ஏறும்போது மின்னோட்டம் 15.4 சதவீதம் கூடும். இறங்கும்போது 14.6 சதவீதம்தான் குறையும். அலையின் மேல் பாதி கீழ்ப் பாதியைவிடச் சற்றே உயரம். இந்தக் கோணலை விரித்து எழுதினால் கொசைனின் வர்க்கம் வருகிறது, அதற்குள்ளிருந்து இரண்டு மடங்கு அதிர்வெண் எட்டிப் பார்க்கிறது. அளவு 1.25 சதவீதம். மூன்று மடங்கு அதிர்வெண்ணும் வரும், ஆனால் அது வெறும் 0.01 சதவீதம். நிஜச் சுற்றில் சுமை ரெசிஸ்டர் இரண்டையும் இன்னும் குறைத்துவிடும். இரண்டாவதுதான் மிஞ்சி நிற்கும் என்பது மட்டும் மாறாது.

இரண்டு மடங்கு அதிர்வெண் என்றால் என்ன? மேல் ஸட்ஜம். பாடகர் ஸ பாடும்போது வால்வு கூடவே மெல்லிசாக மேல் ஸ பிடிக்கிறது. தம்புராவின் ஒற்றைத் தந்தியிலேயே அது இருக்கிறது, அதனால் காது அதைக் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. "வால்வின் இனிமை" என்று பலர் உருகுவதில் பெரும்பங்கு இதுதான் என்பது என் எண்ணம். பதிவில் இல்லாத ஒன்றைச் சேர்ப்பது சுத்தமா என்று கேட்டால், இல்லை. இருந்தாலும் வீணைப் பதிவுகளை நான் வால்வு வழியாகத்தான் கேட்கிறேன். தாளிதம் மாதிரி அது. வேண்டாதவர்கள் வேண்டாம் என்று சொல்லலாம்.

இதே கணக்கு இன்னொன்றும் சொல்கிறது. கோணல், இழுப்பு எத்தனை பங்கு ஆடுகிறது என்பதைப் பொறுத்தது. 10 சதவீத ஆட்டத்துக்கு 1.25 என்றால் 20க்கு 2.5. மலிவான டாக்குகள் சிலவற்றில் 90 வோல்ட் கேட்கும் வால்வை 24 வோல்ட்டில் ஓட்டுகிறார்கள். அதே 2 வோல்ட் பாட்டு அங்கே பெரும் பங்கை ஆட்டிவிடும். பட்டினி கிடக்கும் வால்வின்மேல் எந்த நாட்டு முத்திரை இருந்தால் என்ன? இதில் வேடிக்கை, அப்படிப்பட்ட சில பெட்டிகளில் வால்வுக்கு அடியில் ஆரஞ்சு எல்இடி வைத்திருப்பார்கள், தணல் தெரிவதற்காக!

மாற்றத்தை எங்கே தொடங்குவது? என் முட்டாள்தனத்திலிருந்தே சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் என் டாக்கில் மிருதங்கத்தின் தொப்பி, அதாவது தாழ்ந்த ஒலி தரும் இடது பக்கம், எழும்பவே இல்லை. வால்வின்மேல் பழி போட்டு இரண்டு ஜோடி வாங்கி மாற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. அப்புறம்தான் வெளியீட்டுக் கண்டென்சரைப் பார்த்தேன். ப்ளேட்டின் நேர் மின்னழுத்தம் ஆம்ப்ளிஃபையருக்குள் போகாமல் தடுக்கிற கண்டென்சர் அது, கூடவே தாழ்ந்த சுரங்களையும் கொஞ்சம் தடுக்கும். 1,59,000ஐ ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டு ஓம்ஸாலும், கண்டென்சரின் மைக்ரோஃபாரட் அளவாலும் வகுத்தால் எந்த ஹெர்ட்ஸில் திறன் பாதியாகிறது என்று வந்துவிடும். என்னுடையது 0.22, ஆம்ப்ளிஃபையர் 10,000 ஓம்ஸ். விடை 72. தொப்பி எங்கிருந்து கேட்கும்? உள்ளீடு 1,00,000 ஓம்ஸ் உள்ள பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் என்றால் அதே கண்டென்சருக்கு 7 ஹெர்ட்ஸ்தான், பழுதே தெரிந்திருக்காது. சென்னை ரிச்சி தெருவில் 2.2 மைக்ரோஃபாரட் பாலிப்ராப்பிலீன் கண்டென்சர் ஜோடி வாங்கிப் போட்டேன், தீர்ந்தது.

அடுத்தது உறுமல். ஃபோனில் உள்ள சுருதி பார்க்கும் செயலியைத் திறந்து வையுங்கள். 50 ஹெர்ட்ஸ் காட்டினால் கேத்தோடைச் சூடாக்கும் ஹீட்டரின் வயரையோ டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் இடத்தையோ பாருங்கள். 100 காட்டினால் ப்ளேட் சப்ளையின் வடிகட்டிக் கண்டென்சர் காய்ந்திருக்கும். இந்த இரண்டையும் சரிசெய்த பிறகு வால்வைப் பற்றிப் பேசலாம்.

வயரை 200 மணி நேரம் பழக்கினால் பாட்டு இனிக்கும் என்கிறவர்களிடம் நான் வாதாடுவதை விட்டுவிட்டேன். ராகு காலம் பார்த்து சால்டரிங் அயர்னை எடுக்கிறவரை எனக்குத் தெரியும், அவர் வைக்கிற இணைப்பு பளபளவென்று இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். வருத்தம் வேறொன்றில். பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் நல்ல வால்வுகள் செய்தது, இன்று அவற்றை வெளிநாட்டார் தேடி வாங்குகிறார்கள். வால்வு செத்துவிட்டது என்று நினைக்கிறோம். மைக்ரோவேவ் அடுப்புக்குள் இருக்கும் மேக்னெட்ரான் வால்வுதான். செயற்கைக்கோள்கள் பலவற்றில் சிக்னலைப் பெருக்குவதும் ஒருவகை வால்வுதான். பிலானியில் உள்ள மத்திய அரசின் சீரி ஆய்வகம் இந்தத் துறையில் இன்னும் உழைக்கிறது. பழைய தொழில்நுட்பம் என்று சொல்லி இப்படிப்பட்ட ஆய்வுக்குப் பணத்தைச் சுருக்குவது எனக்கு உடன்பாடில்லை.

மதுரைக்காரரே, பெட்டியைத் திறக்கும் முன் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். அப்படியும் வடிகட்டிக் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கலாம், மீட்டர் வைத்துப் பார்க்காமல் விரலை நீட்டாதீர்கள். ஓடும்போது ப்ளேட் வோல்ட்டேஜ் அளக்க வேண்டியிருந்தால், பழைய ரேடியோ மெக்கானிக்குகள் செய்வதுபோல் ஒரு கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணையும், வெளியீட்டுக் கண்டென்சரில் அச்சடித்திருக்கும் எண்ணையும் எழுதி அனுப்புங்கள். 24 வோல்ட் என்று வந்தால் வால்வுக்கு வைத்த பணத்தில் வேறு ஏதாவது வாங்கிக்கொள்ளலாம்.