குழாயை வெட்டினால் குதிரைசக்தி கூடுமா?

"என் கார் 5,000 ஆர்பிஎம் வரைக்கும் நன்றாக இழுக்கிறது. அதற்கு மேல் மூச்சு வாங்குகிறது. இன்டேக் மேனிஃபோல்டைக் குட்டையாக்கினால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். காற்று போகிற தூரம் குறைவதால்தானே?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மெக்கானிக் சொன்ன வைத்தியம் சரிதான். ஆனால் அது வேலை செய்வதற்கு வாசகர் சொல்லும் காரணம் இல்லை, அதைவிட அழகான ஒன்று இருக்கிறது.

அடிப்படை எல்லாருக்கும் தெரிந்ததுதான். பிஸ்டன் இறங்கும், வால்வு திறக்கும், காற்று உள்ளே வரும். எவ்வளவு காற்று வருகிறதோ அதற்குத் தகுந்த அளவுதான் பெட்ரோலை எரிக்க முடியும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் தகடு இருக்கிற த்ராட்டில் பாடியைத் தாண்டிய காற்று பிளீனம் என்கிற பெட்டிக்குள் சேர்ந்து, அங்கிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒன்று என்று பிரியும் ரன்னர் குழாய்கள் வழியே போகிறது. பெட்டியும் குழாய்களும் சேர்ந்ததுதான் மேனிஃபோல்ட்.

சிக்கல் நேரத்தில்தான். 6,000 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 6,000 சுற்று, என்றால் நொடிக்கு 100 சுற்று. பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்க ஆகும் நேரம் ஒரு நொடியில் 200-ல் ஒரு பங்கு, அதாவது 5 மில்லிநொடி. நீங்கள் ஒருமுறை கண் சிமிட்டுவதற்குள் ஒரு சிலிண்டர் ஐந்து தடவையாவது மூச்சு இழுத்துவிடும். இவ்வளவு அவசரத்தில் சிலிண்டரை நிரப்ப இன்ஜின் பயன்படுத்துவது ஒரு எதிரொலியை.

டிக்கெட் வாங்க நிற்கும் நீளமான வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் இருப்பவர் விலகியதும் முதல் ஆள் ஓரடி முன்னே போகிறார். அவருக்குப் பின்னால் ஓர் இடைவெளி. அதை நிரப்ப இரண்டாமவர் நகர்கிறார், இடைவெளி அவருக்குப் பின்னால் போய்விடுகிறது. ஆட்கள் எல்லாரும் முன்னால் நகர்கிறார்கள், இடைவெளி மட்டும் பின்னால் ஓடுகிறது. கடைசியில் அது வரிசையின் வாலுக்கு வந்து சேர்கிறது. அங்கே வரிசையில் சேராமல் ஒரு கூட்டம் நிற்கிறது என்றால் என்ன ஆகும்? இடம் கிடைத்ததும் தேவைக்கு அதிகமாகவே ஆட்கள் மொத்தமாகப் பாய்வார்கள். அந்த நெரிசல் ஒரு தள்ளாக மாறி, முதுகு முதுகாகக் கடந்து, கவுன்டர் வரைக்கும் வந்துவிடும்.

ரன்னருக்குள் நடப்பது அச்சு அசலாக இதுவே. பிஸ்டன் இறங்கும்போது வால்வுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு ஓர் அலையாக, ஒலியின் வேகத்தில், பிளீனத்தை நோக்கி ஓடுகிறது. குழாயின் வாயில் பிளீனத்தின் அகன்ற காற்றுப் பரப்பு காத்திருக்கிறது. அது விட்டுக்கொடுக்காது. குறைந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே பாய்கிறது, பாய்கிற வேகத்தில் கொஞ்சம் கூடுதலாகவே நுழைந்துவிடுகிறது. ஆக, அழுத்தக் குறைவாகப் போன அலை அழுத்தக் கூடுதலாகத் திரும்பி வருகிறது. திறந்த வாயில் ஒலி தலைகீழாகப் பிரதிபலிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் ஒத்ததிர்வுக் குழாய் பாடத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அந்த ஒரு வரிதான் இங்கே இத்தனை வேலை பார்க்கிறது.

இப்போது நேரக் கணக்கு. பிஸ்டன் மிக வேகமாக இறங்குவது பாதி வழியை ஒட்டி. பலமான அலை கிளம்புவதும் அப்போதுதான். பிஸ்டன் அடியைத் தொட்டுத் திரும்பிய பிறகும் இன்டேக் வால்வு சட்டென்று மூடிவிடாது, சற்று நேரம் திறந்தே இருக்கும். போன அலை அந்தச் சமயத்தில் திரும்பி வந்தால், மேலேறத் தொடங்கும் பிஸ்டனை எதிர்த்து இன்னும் கொஞ்சம் காற்றை உள்ளே திணித்துவிடும், வால்வும் மூடிக்கொள்ளும். நன்றாக ட்யூன் செய்த ரேஸ் இன்ஜின்களில் 500 சிசி சிலிண்டருக்குள் 500 சிசிக்கு மேற்பட்ட வெளிக்காற்று போகிறது, டர்போ எதுவும் இல்லாமலே.

அலை போய்த் திரும்ப இருக்கும் அவகாசம் தோராயமாகக் கால் சுற்று. 6,000 ஆர்பிஎம்மில் அது 2.5 மில்லிநொடி. நொடிக்கு 343 மீட்டர் ஓடும் ஒலி அதற்குள் 86 சென்டிமீட்டர் போகும். போக, வர என்பதால் பாதி, 43 சென்டிமீட்டர். 3,000 ஆர்பிஎம்முக்கு இரட்டிப்பு நீளம் வேண்டும், 7,500-க்கு 34 போதும். சுருக்கமாக, 2,57,000-ஐ ஆர்பிஎம்மால் வகுத்தால் நீளம் சென்டிமீட்டரில் வந்துவிடும். இந்த நீளத்தை வால்விலிருந்து அளக்க வேண்டும், சிலிண்டர் ஹெட்டுக்குள் வால்வு வரை போகும் வழியான போர்ட்டும் கணக்கில் சேரும். வால்வைத் திறந்து மூடும் கேம், காற்றின் வெப்பம் எல்லாம் இந்த எண்ணைக் கொஞ்சம் அசைக்கும். ஆனால் ஆரம்பிக்க இது போதும்.

ஆகவே குட்டை ரன்னர் தொண்டையைத் திறந்துவிடுவதில்லை. எதிரொலியைச் சீக்கிரம் திரும்ப வைக்கிறது, அவ்வளவுதான். அதே குட்டை ரன்னரில் 3,000 ஆர்பிஎம்மில் ஓட்டினால் அலை அவசரக்குடுக்கையாகப் பாதி வழியிலேயே வந்து போய்விடும். வால்வு மூடும் நேரத்தில் தள்ள ஆள் இருக்காது. மேலேறும் பிஸ்டன், வந்த காற்றில் ஒரு பங்கைத் திருப்பி ரன்னருக்குள்ளேயே துப்பிவிடும்.

இதை அந்தக் காலத்திலேயே கச்சிதமாகக் காட்டியது 1960-ன் கிரைஸ்லர் 300எஃப் கார். அதன் ரன்னர்கள் 76 சென்டிமீட்டர் நீளம், இன்ஜினின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் குறுக்கே போகும். 375 குதிரைசக்தி, முறுக்குவிசையின் உச்சம் 2,800 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். ரேஸ் பிரியர்களுக்கென்று 400 குதிரைசக்தி வகை ஒன்றும் இருந்தது. வெளியே பார்த்தால் அதே நீளக் குழாய்கள்தான். உள்ளே பக்கத்துக் குழாய்களைப் பிரிக்கும் சுவரைப் பாதி தூரத்துக்கு எடுத்துவிட்டார்கள். அலைக்குச் சுவர் முடிகிற இடம்தான் குழாயின் வாய். வெளியில் ஒரு சென்டிமீட்டர்கூட வெட்டாமல் ரன்னர் பாதியாகிவிட்டது!

நீளமும் வேண்டும், குட்டையும் வேண்டும் என்றால் ஓடும்போதே நீளத்தை மாற்ற வேண்டியதுதான். 1991-ல் லெ மான் பந்தயத்தை வென்ற மாஸ்டா 787பி-யில் தொலைநோக்கி மாதிரி நீண்டு சுருங்கும் இன்டேக் குழாய்கள் இருந்தன. ஃபார்முலா ஒன்னில் இந்த வித்தையை 2006-ல் தடைசெய்து, 2015-ல் மறுபடி அனுமதித்தார்கள்.

நானும் ஒரு தடவை நண்பரின் பழைய காருக்காக ஹேக்ஸா பிளேடைக் கையில் எடுத்தவன்தான். ரன்னரை வெட்டி, பிளீனத்தில் பற்றவைத்து மாட்டிவிட்டோம். முதலில், சமமாகத் தேய்க்காத ஃபிளேஞ்ச் (இன்ஜினோடு பொருந்தும் முகப்பு) வழியே உஸ்ஸென்று காற்று கசிந்தது. வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகமான ஐடில் ஊஞ்சல் ஆடியது. அதைச் சரிசெய்த பிறகும் எதிர்பார்த்த சக்தி வரவில்லை. காரணம் குழாயின் வாய். கத்தி மாதிரி வெட்டிய விளிம்பில் காற்றால் வளைந்து திரும்ப முடியாது, சுவரை விட்டு விலகிப்போகும், குழாயின் அகலம் காற்றுக்குச் சுருங்கிவிடும். ஊமத்தம்பூ போல விரிந்த வாய் வைத்த பிறகுதான் மேல் ஆர்பிஎம்மில் வித்தியாசம் தெரிந்தது. கீழே 3,500 வரைக்கும் வண்டி சோம்பிப்போனதும் தெரிந்தது. நண்பர் இன்னமும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

இந்த உலகத்தில் மூடநம்பிக்கைகளுக்கும் குறைவில்லை. ரன்னரின் உட்புறத்தைக் கண்ணாடி போலப் பாலிஷ் செய்வது அதில் ஒன்று. பார்க்க ஜோராக இருக்கும், சுவரை ஒட்டி மெதுவாக நகரும் காற்றுப் படலத்துக்கு அந்தப் பளபளப்பு பெரிதாக ஒன்றும் செய்யாது. காற்றைச் சுழல வைக்கிறேன் என்று ஏர் ஃபில்டருக்குப் பின்னால் மாட்டும் விசிறி வேறு. த்ராட்டில் தகட்டில் மோதியதும் அந்தச் சுழற்சி செத்துவிடும், மிச்சம் இருப்பது வழியில் ஓர் அடைப்பு. போர்ட்டுக்குள் அழுத்த அலையை நேரடியாக அளந்து காட்டும் வேகமான சென்சார் ஒன்று ஒவ்வொரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்திலும் இருந்தால், இந்த வியாபாரம் பாதி படுத்துவிடும் என்பது என் எண்ணம். கட்டடத்துக்குக் கிடைக்கிற நிதி கருவிக்குக் கிடைப்பதில்லை.

சரி, வாசகருக்கு வருகிறேன். வெட்டுவதற்கு முன் வால்வு முதல் பிளீனம் வாய் வரை அளந்து, அந்த நீளத்தால் 2,57,000-ஐ வகுத்துப் பாருங்கள். விடை 6,500-ஐ ஒட்டி வந்தால் மேனிஃபோல்ட் குற்றவாளி இல்லை. கேமையும் எக்ஸாஸ்ட்டையும் கவனியுங்கள், இன்டேக் வால்வு சீக்கிரமே மூடுகிற கேமோடு எந்தக் குழாயும் மேலே போகாது. 4,000-க்குப் பக்கத்தில் வந்தால் மெக்கானிக்கிடம் கொடுக்கலாம். மாட்டியதும் காரை, சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றி, இன்ஜினின் கணினியான ஈசியூவை மறுபடி ட்யூன் செய்யச் சொல்லுங்கள். கூடுதலாக வரும் காற்றுக்குப் பெட்ரோல் போதாவிட்டால் இன்ஜின் தட்ட ஆரம்பிக்கும், பிஸ்டன் தாங்காது. வெட்டிய துண்டுகளையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். போக்குவரத்து நெரிசலில் இரண்டாம் கியரில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தபின் தேவைப்படலாம்.